நியூட்ரான் ஊரில் ஜூலியா ஹிகின்ஸ்

கிரெனோபிள் ரயில் நிலைய வாசலிலேயே பி வழித்தட டிராம் நிற்கிறது. மே மாதக் காலை. ஊருக்குள் நல்ல வெயில், கிழக்கே பெல்டோன் மலைத்தொடரின் உச்சியில் மட்டும் பனி கரையாமல் கிடந்தது. டிராம் வடமேற்கே திரும்பி, ஈஸேர், ட்ராக் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டே போகும் நிலத்துக்குள் நுழைகிறது. முன்பு பீரங்கிப் படையின் பயிற்சித் திடலாக இருந்த இடம் இது. இன்று வரிசையாக ஆய்வுக்கூடங்கள். அவற்றை ஒட்டி ஓடும் சாலைக்குத் தியாகிகள் அவென்யூ என்று பெயர். நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்து உயிர்விட்டவர்களை நினைத்து வைத்த பெயர். பிரான்ஸின் விடுதலைக்காகப் போராடியதற்கென்று தனி விருது பெற்ற ஐந்து ஊர்களில் கிரெனோபிளும் ஒன்று.

அந்தச் சாலையில் 71-ஆம் எண்ணில் இருக்கிறது லாவே–லான்ஷ்வான் நிறுவனம். மேக்ஸ் ஃபான் லாவே ஜெர்மானியர், பால் லான்ஷ்வான் பிரெஞ்சுக்காரர். போர் முடிந்து 22 ஆண்டுகளில், 1967 ஜனவரியில், இரண்டு நாடுகளும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டு இரண்டு இயற்பியலாளர்களின் பெயரையும் சூட்டித் தொடங்கிய ஆய்வுக்கூடம். அந்தச் சாலையில் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் நான் சற்று நேரம் நின்றுவிட்டேன்.

நான் அங்கே போனது ஜூலியா ஹிகின்ஸ் என்ற இயற்பியலாளரைப் பற்றித் தெரிந்துகொள்ள. அவர் இங்கே வேலை பார்த்தது 1973 முதல் 1976 வரைதான். ஆனால் அவருடைய அறுபது ஆண்டு வாழ்க்கைப் பணியில் மற்றதெல்லாம் இந்த இடத்தைச் சுற்றியே விளைந்தது. பாலிமர் மூலக்கூறுகளை நியூட்ரானைக் கொண்டு பார்த்தவர் என்று அறிவியல் உலகம் அவரை அறியும். அறிவியல் துறைகளில் பெண்கள் நிலைத்து நிற்க வேண்டுமானால் மாற வேண்டியது அந்தத் துறைகள்தான் என்று வாதாடி, அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் என்பது என் கணக்கில் அதற்குச் சமமான சாதனை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் அங்கே போன பிறகுதான் எனக்கு உறுதிப்பட்டது.

முன்கூட்டியே பெயர் பதிந்து, பாஸ்போர்ட்டைக் காட்டி, கதிர்வீச்சு அளக்கும் சிறிய பட்டையைச் சட்டையில் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். என்னை அழைத்துப்போனவர் இத்தாலியிலிருந்து வந்து அங்கே வேலை செய்யும் ஓர் ஆய்வாளர், நாற்பது வயதுப் பெண்மணி. நடந்துகொண்டே பேசினார், பேசிக்கொண்டே கைக்கெட்டிய கருவிகளின் திருகுகளைச் சரிபார்த்தார்.

நிறுவனத்தின் அணு உலை 1971-இல் இயங்கத் தொடங்கியது. 58 மெகாவாட் வெப்பம் வெளிப்படுகிறது, ஆனால் மின்சாரம் தயாரிப்பது அதன் வேலை இல்லை. நியூட்ரான்களை உண்டாக்குவது ஒன்றுதான் அதன் நோக்கம். செறிவூட்டிய யுரேனியத்தாலான ஒரே ஓர் எரிபொருள் உருளை. அதைச் சுற்றிக் கனநீர். ஓர் உருளை ஏறக்குறைய ஐம்பது நாள் எரிகிறது. பிறகு நிறுத்தி, எடுத்து, புதியதை வைக்கிறார்கள். உலையின் மையப் பகுதிக்கு அருகே 25 கெல்வினில், அதாவது சுழியத்துக்குக் கீழே 248 டிகிரி செல்சியஸில், திரவ டியூட்டிரியம் நிறைந்த ஒரு கலம் இருக்கிறது. அதற்குள் போய் வரும் நியூட்ரான்கள் வேகம் குறைந்து, விநாடிக்குச் சில நூறு மீட்டர் என்ற அளவுக்கு வந்துவிடுகின்றன. வேகம் குறைந்த நியூட்ரானுக்கு அலைநீளம் அதிகம். பெரிய மூலக்கூறுகளைப் பார்க்க அதுதான் வேண்டும்.

இந்த நியூட்ரான்கள் நிக்கல் பூசிய கண்ணாடிக் குழாய்களுக்குள் சுவரில் பட்டுப் பட்டுச் சறுக்கியபடி உலைக் கட்டடத்தைத் தாண்டி அடுத்த கூடத்துக்கு வருகின்றன. இந்த முறையை வளர்த்தவர் நிறுவனத்தின் முதல் இயக்குநர் மையர்-லைப்னிட்ஸ். குழாய்கள் மிக லேசாக வளைந்திருக்கின்றன. வேகமான நியூட்ரானும் காமாக் கதிரும் அந்த வளைவில் திரும்ப முடியாமல் வெளியேறிவிடும், தேவையானவை மட்டும் வந்து சேரும். கூடத்துக்குள் நுழைந்தால் கான்கிரீட் கட்டைகள், ஈயச் செங்கல்கள், தலைக்கு மேலே நகரும் பளுதூக்கி, எங்கும் குளிர்விப்பான்களின் இரைச்சல். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றுக்குள் நிற்கிற உணர்வுதான்.

"இதுதான் டி11" என்றார் அந்த ஆய்வாளர்.

கூடத்தின் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது அந்தக் கருவி. உட்புறம் காற்று நீக்கிய பெரிய உருளை, அதற்குள் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும் உணர்கருவி. மாதிரிப் பொருளிலிருந்து ஏறக்குறைய 40 மீட்டர் தூரம்வரை அது பின்னால் போகும். மாதிரி என்று அவர் எடுத்துக் காட்டியது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய, ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிஸ்டைரீன் வில்லை. ஓரத்தில் ஒரு காற்றுக்குமிழி தெரிந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அதைத் தனியே ஒதுக்கி வைத்தார். குமிழி இருந்தால் நியூட்ரான் அதிலும் சிதறும், கணக்கு கெடும். அடுத்ததை எடுத்து விளிம்பில் மட்டும் பிடித்து, அலுமினியச் சட்டத்தில் பொருத்தி, திருகை முடுக்கினார். கட்டடம், உலை, பிரான்ஸ், ஜெர்மனி, பின்னர் சேர்ந்த பிரிட்டன் என மூன்று நாடுகளின் பணம் எல்லாம் இந்தச் சின்ன வில்லையைத் துளைத்துப் போகும் கற்றைக்காகத்தான்.

அந்த வில்லைக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் ஹிகின்ஸின் தலைமுறை எடுத்துக்கொண்ட கேள்வி. பாலிமர் என்றால் ஒரே மாதிரியான சிறு அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. உருகிய பிளாஸ்டிக்கில் அப்படிப்பட்ட சங்கிலிகள் தட்டில் பிழிந்த இடியாப்பம்போல ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. அதில் ஒரே ஓர் இழை மட்டும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எவ்வளவு இடத்தில் சுருண்டிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எக்ஸ் கதிருக்கு எல்லா இழையும் ஒன்றுதான். அமெரிக்க வேதியியலாளர் பால் ஃப்ளோரி, உருகிய நிலையில் ஒவ்வொரு சங்கிலியும் சுற்றியுள்ளவற்றால் நசுங்காமல் இயல்பான தாறுமாறான சுருளாகவே இருக்கும் என்று 1940-களின் இறுதியிலேயே கணித்துச் சொல்லியிருந்தார். பலர் நம்பவில்லை. இவ்வளவு நெருக்கத்தில் அப்படி இருக்க முடியாது, கட்டுக்கட்டாகச் சேர்ந்திருக்க வேண்டும் என்று வாதித்தார்கள். நேரில் பார்த்துச் சொல்ல இருபது ஆண்டுக்கும் மேல் யாருக்கும் வழி இல்லை.

வழி நியூட்ரானில் இருந்தது. எக்ஸ் கதிர் எலெக்ட்ரான்களில் சிதறுகிறது, நியூட்ரானோ அணுக்கருவில். வேதியியலில் ஹைட்ரஜனும் அதன் கன வடிவமான டியூட்டிரியமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். நியூட்ரானுக்கு அவை முற்றிலும் வேறு. நியூட்ரானைச் சிதறடிக்கும் திறனைக் குறிக்கும் எண் ஹைட்ரஜனுக்கு மைனஸ், டியூட்டிரியத்துக்குப் பிளஸ். ஆகவே சில சங்கிலிகளில் மட்டும் ஹைட்ரஜனை எடுத்துவிட்டு டியூட்டிரியத்தை வைத்து, மற்றவற்றோடு கலந்துவிட்டால், அந்தச் சில சங்கிலிகள் மட்டும் நியூட்ரானுக்குத் தனியே தெரியும். 1970-களின் முதல் பாதியில் ஐரோப்பாவின் சில குழுக்கள் இந்த அளவீட்டைச் செய்து முடித்தன. ஃப்ளோரி சொன்னது சரி. நூறாயிரம் மூலக்கூறு எடையுள்ள பாலிஸ்டைரீன் சங்கிலியை நீட்டிப் பிடித்தால் 200 நானோமீட்டருக்கு மேல் வரும். உருகிய நிலையில் அது ஒன்பது நானோமீட்டர் அளவு ஆரத்துக்குள் சுருண்டு கிடக்கிறது. 1974-இல் ஃப்ளோரிக்கு நோபல் கிடைத்தது. கணக்குப் போட்டவர் உயிரோடிருக்கும்போதே கண்ணால் கண்டதுபோல நிரூபணம் கிடைப்பது எல்லா அறிவியலாளருக்கும் வாய்ப்பதில்லை.

இந்தக் காலத்தில்தான் ஜூலியா ஹிகின்ஸ் கிரெனோபிளுக்கு வருகிறார். வந்த வழி நேர்வழி அல்ல. 1942-இல் லண்டனில் பிறந்தவர். விம்பிள்டனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளி, பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் பெண்களுக்கென்றே இருந்த சோமர்வில் கல்லூரியில் இயற்பியல். டாரதி ஹாட்ஜ்கின் அப்போது அந்தக் கல்லூரியில் இருந்தார். அவருக்கு 1964-இல் வேதியியல் நோபல் கிடைத்தபோது, ஒரு பெண் விஞ்ஞானி எப்படி இருப்பார் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டிய அவசியம் சோமர்வில் மாணவிகளுக்கு இருக்கவில்லை. ஆய்வுப் படிப்புக்குப் பிறகு ஹிகின்ஸ் நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போகவில்லை. யார்க்‌ஷையரில் மெக்ஸ்பரோ என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரின் பள்ளியில் இரண்டு ஆண்டு ஆசிரியை. இரண்டு ஆண்டு விலகினால் ஆய்வு வாழ்க்கை முடிந்தது என்று இன்றும் பல இளம் ஆய்வாளர்களைப் பயமுறுத்துகிறார்கள். அவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

அங்கிருந்து மான்செஸ்டர் பல்கலைக்கழக வேதியியல் துறை. பாலிமர் அவர் கைக்கு வந்தது அங்கேதான். அதன் பிறகு ஸ்ட்ராஸ்பூர்கில் பெருமூலக்கூறு ஆய்வு மையம். அதை வழிநடத்திய ஹென்றி பென்வா, பாலிமர்களில் ஒளியும் நியூட்ரானும் சிதறுவதைப் பற்றி ஐரோப்பாவில் அதிகம் அறிந்தவர்களில் ஒருவர். இயற்பியல் படித்தவர் வேதியியலாளர்களோடு உட்கார்ந்து, பிரெஞ்சில் பேசி, கருவி கட்டுகிறவர்களுக்கும் மூலக்கூறு சமைக்கிறவர்களுக்கும் நடுவே நின்றார். அந்த நடு இடம் ஆளில்லாமல் கிடந்தது. அவர் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டார்.

பிரிட்டன் தனக்கென ஓர் உலை கட்டத் திட்டமிட்டிருந்தது. செலவு கட்டுப்படியாகாமல் அதைக் கைவிட்டு, 1973-இல் மூன்றாவது பங்காளியாகக் கிரெனோபிளில் சேர்ந்தது. ஹிகின்ஸ் அங்கே பணியில் சேர்ந்ததும் அதே ஆண்டு. இயக்குநர் நாற்காலியில் ருடால்ஃப் மோஸ்பவர் இருந்தார், அவர் பெயராலேயே அறியப்படும் விளைவுக்காக 32 வயதில் நோபல் பெற்றவர். புத்தம்புது உலை, இன்னும் முழுதாகக் கட்டி முடியாத கருவிகள், எந்தக் கேள்வியைக் கேட்டாலும் அதை முதலில் கேட்டவர் நாமாக இருக்கலாம் என்ற நிலை. காந்தப் பொருள்களை நியூட்ரானால் ஆராய்ந்த ஜேன் பிரவுனும் இங்கே பல்லாண்டு பணியாற்றியவர். பெண்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர்கள்தான். ஆனால் புதிய இடத்தில் 'இங்கே வழக்கம் இப்படி' என்று சொல்லப் பழைய ஆட்கள் இருப்பதில்லை. அது அவர்களுக்குச் சாதகமாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

சங்கிலி எப்படி இருக்கிறது என்பது ஒரு கேள்வி, எப்படி அசைகிறது என்பது இன்னொன்று. ஹிகின்ஸின் மனம் இரண்டாவதில்தான் அதிகம் தங்கியது. ஒரு சங்கிலி, தன்னைச் சுற்றியுள்ள சங்கிலிகள் அடைத்த இடைவெளிக்குள் பக்கவாட்டில் நகர முடியாமல், பாம்பு வளைக்குள் ஊர்வதைப்போலத் தன் நீளவாக்கில்தான் ஊர்ந்து போகும் என்று 1971-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் து ஜென் எழுதினார். ஊர்வது என்ற பொருள்படவே அந்தக் கொள்கைக்குப் பெயரும் வைத்தார். அதைச் சோதிக்க, நியூட்ரானின் வேகத்தில் ஏற்படும் மிக மிக நுண்ணிய மாற்றத்தை அளக்க வேண்டும். ஹங்கேரியின் ஃபெரெங்க் மெசெய் 1972-இல் அதற்கு வழி கண்டுபிடித்தார். காந்தப் புலத்தில் நியூட்ரானின் சுழற்சி எத்தனை தடவை திரும்புகிறது என்று, மாதிரியில் மோதும் முன்னும் மோதிய பின்னும் எண்ணிப் பார்ப்பது. ஸ்பின் எக்கோ என்று பெயர். அதற்கான முதல் கருவி ஐஎன்11 கட்டப்பட்டது இதே கூடத்தில். லண்டனுக்குத் திரும்பிய பிறகும் ஹிகின்ஸ் அந்தக் கருவிக்கு மாதிரிகளோடு வந்துகொண்டிருந்தார். உருகிய பாலிமரில் ஒற்றைச் சங்கிலியின் அசைவை நானோவிநாடி அளவில் அளந்த முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

வந்துகொண்டிருந்தார் என்பதைச் சற்று விளக்க வேண்டும். நியூட்ரான் ஆய்வாளர்களின் வாழ்க்கையே பயணம்தான். உலை ஒரே இடத்தில் இருக்கும், ஆட்கள்தான் அதைத் தேடிப் போக வேண்டும். ஆண்டுக்கு இரண்டு தடவை விண்ணப்பம். குழு படித்துப் பார்த்து ஒதுக்கினால் சில நாள் பீம் டைம், அதாவது நியூட்ரான் கற்றையைப் பயன்படுத்தும் நேரம், கிடைக்கும். கற்றை இரவு பகல் பார்த்து வராது. ஒதுக்கிய மணி நேரம் தொடங்கிவிட்டால் நள்ளிரவு இரண்டு மணிக்கும் யாராவது எழுந்து மாதிரியை மாற்ற வேண்டும், தூங்கினால் அடுத்த வாய்ப்பு அரையாண்டு கழித்து. இத்தாலிய ஆய்வாளர் டி11-இன் கட்டுப்பாட்டு அறையைக் காட்டினார். கணினித் திரைகளுக்கு நடுவே குழந்தை கிறுக்கிய ஒரு படம் ஒட்டியிருந்தது.

"உங்கள் மகளா?" என்று கேட்டேன்.

"இல்லை, போன வாரம் வந்திருந்த குழுவில் ஒருவருடைய மகன். என் மகள் பிறந்த வருஷம் எனக்குக் கிடைத்திருந்த நாள்களை நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வருஷம் டூரினிலிருந்து அம்மா வந்து என்னோடு விருந்தினர் விடுதியில் தங்கினார். அம்மா வந்ததால் நான் இந்தத் துறையில் இருக்கிறேன். அம்மா இல்லாதவர்கள் இல்லை."

அவர் அதைப் புகாராகச் சொல்லவில்லை, விவரமாகச் சொன்னார். எனக்கு அது பெரிய விவரமாகப் பட்டது. யார் விஞ்ஞானியாகத் தொடர்வார் என்பதைப் பல நேரம் தீர்மானிப்பது மூளையும் உழைப்பும் அல்ல. மூன்று இரவு வீட்டைவிட்டு வர முடிகிறவர் யார், கூட்டம் மாலை ஐந்தரைக்கு வைத்தால் இருக்க முடிகிறவர் யார், இரண்டு ஆண்டு இடைவெளியைத் தேர்வுக் குழு எப்படிப் படிக்கிறது என்பவைதாம்.

ஹிகின்ஸ் 1976-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் வேதிப் பொறியியல் துறையில் சேர்ந்தார். இயற்பியல், வேதியியல், இப்போது பொறியியல். இரண்டாவது துறை மாற்றம். இரண்டு பிளாஸ்டிக்குகளைக் கலந்தால் எப்போது ஒட்டி இருக்கும், எப்போது பிரியும், பிரியும்போது என்ன வடிவத்தில் பிரியும் என்ற தொழிற்சாலைக் கேள்விகள் அங்கே அவருடைய ஆய்வாயின. 1989-இல் பேராசிரியர். 1994-இல் பென்வாவோடு சேர்ந்து அவர் எழுதிய 'பாலிமர்களும் நியூட்ரான் சிதறலும்' வெளிவந்தது, இந்தத் துறைக்குள் வருகிறவர்கள் இன்றும் முதலில் எடுக்கும் நூல். அடுத்த ஆண்டு ராயல் சொசைட்டி உறுப்பினர், 2001-இல் டேம் பட்டம். ராயல் சொசைட்டியின் வெளியுறவுச் செயலர், வேதிப் பொறியாளர் கழகத்தின் தலைவர், நாட்டின் பொறியியல், இயற்பியல் ஆய்வு நிதிக் குழுவின் தலைவர் என்று பதவிகள் வரிசையாக வந்தன.

பதவிகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதீனா திட்டம். 1998 முதல் 2003 வரை அதற்குத் தலைமை தாங்கினார். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் அறிவியலுக்குள் வரும் பெண்கள் மேலே போகப் போகக் காணாமல் போவது ஏன் என்பதுதான் அதன் கேள்வி. அதுவரை இதற்குச் சொல்லப்பட்ட பரிகாரமெல்லாம் பெண்களை நோக்கியே இருந்தது. தன்னம்பிக்கை வேண்டும், துணிந்து கேட்க வேண்டும், நேரத்தைத் திட்டமிட வேண்டும். அதீனா துறைகளைப் பார்த்துக் கேட்டது. உங்கள் தேர்வுக் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பிரசவ விடுப்பு முடிந்து வருகிறவருக்கு முதல் ஆறு மாதம் என்ன வேலை கொடுக்கிறீர்கள்? பதவி உயர்வுக்கு யார் பெயரை யார் சொல்கிறார்கள்? எண்ணிக் காட்டுங்கள். எண்ணச் சொன்னதில்தான் இயற்பியலாளரின் கை தெரிகிறது. இல்லாததைப் பற்றி வாதிடுவதைவிட இருப்பதை அளந்துவிடுவது அவருக்குப் பழகிய வேலை.

அந்த அனுபவத்திலிருந்து 2005-இல் அதீனா ஸ்வான் என்ற சாசனம் வந்தது. துறைகள் தம்மைத் தாமே ஆராய்ந்து, புள்ளிவிவரத்தோடு திட்டம் கொடுத்தால் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று விருது. முதலில் இது விருப்பம் உள்ளவர்கள் செய்யும் நற்செயலாகத்தான் இருந்தது. 2011-இல் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி சாலி டேவிஸ், குறிப்பிட்ட மருத்துவ ஆய்வு நிதி வேண்டுமானால் வெள்ளி விருது இருக்க வேண்டும் என்றார். அதன் பிறகு மருத்துவக் கல்லூரிகள் ஓடி ஓடி விண்ணப்பித்தன. பணத்தோடு சேர்த்தால்தான் நியாயம் வேகமாக நடக்கிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் நடந்தது நல்லதுதான். விண்ணப்பம் எழுதும் சுமையும் பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுகிறது என்ற குறையைப் பிரிட்டனில் பலர் சொல்கிறார்கள், அதுவும் உண்மை.

இந்தச் சாசனம் நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2020-இல் அறிவித்த கதி திட்டம், அதீனா ஸ்வானைப் பார்த்து இந்தியச் சூழலுக்கு வகுத்தது. இயற்பியல் வகுப்பில் முன்வரிசை முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் கல்லூரிகள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. அந்த முன்வரிசை பதினைந்து ஆண்டு கழித்து எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு துறையும் எண்ணி, கூச்சப்படாமல் சுவரில் ஒட்ட வேண்டும். கருத்தரங்கத்துக்கு மும்பைக்கு வரும் ஆய்வாளரின் குழந்தைக்கும் துணைக்கு வரும் அம்மாவுக்கும் பயணப்படி உண்டா என்று விதிமுறையில் ஒரு வரி எழுத வேண்டும். பெரிய செலவில்லை.

மாலையில் கம்பிவட ஊர்தியில் பாஸ்டில் கோட்டைக்கு ஏறினேன். 1934 முதல் ஓடுகிறது அது. மேலிருந்து பார்த்தால் இரண்டு ஆறுகளும் கூடும் முனை நன்றாகத் தெரிகிறது. முதலில் கண்ணில் படுவது எக்ஸ் கதிர் ஆய்வுக்கான பெரிய வளையம், 844 மீட்டர் சுற்றளவு. அதன் பக்கத்தில்தான் நியூட்ரான் உலையின் கட்டடம். உலைக்கும் வயதாகிவிட்டது. 2030-களில் அதை நிறுத்தும் பேச்சு இருக்கிறது, ஸ்வீடனின் லுண்டு நகரில் அடுத்த நியூட்ரான் மையம் எழுந்துகொண்டிருக்கிறது. டி11 கூடத்தில் இரவு முழுக்க விழித்தவர்கள் இனி வடக்கே போவார்கள்.

ஹிகின்ஸ் 2007-இல் ஓய்வு பெற்றார். 2017 முதல் 2019 வரை பிரிட்டன் இயற்பியல் கழகத்தின் தலைவராக இருந்தார், 75 வயதுக்கு மேல். 2020-இல், இம்பீரியல் கல்லூரிச் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து 'மேக்ரோமாலிக்யூல்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கலந்திருக்கும் இரண்டு பாலிமர்கள் பிரியத் தொடங்கும் முதல் கணங்களில் என்ன நடக்கிறது, பழைய கோட்பாடு அதைச் சரியாகச் சொல்கிறதா என்பது அதன் பொருள். எழுபதுகளில் தொடங்கிய கேள்விகளின் தொடர்ச்சிதான். சில விடைகள் வந்திருக்கின்றன, சில வரவில்லை என்று விளக்கி, அடுத்து எந்த அளவீட்டைச் செய்ய வேண்டும் என்பதையும் அதில் எழுதியிருக்கிறார்.